ஃபைன் கட்டினால் முடிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எலியட்ஸ் கடற்கரையில் சாயங்காலம் பைக்கை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் நாலு பையன்களில் எவன் பெசன்ட் நகர் அடுக்குமாடிக்காரன், எவன் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரன் என்று கண்டுபிடிக்க ரோந்து வருபவர்களுக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. முதலாமவனுக்கு "வீட்டுக்குக் கிளம்புப்பா." இரண்டாமவனுக்கு "வண்டியில ஏறுடா." வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு தள்ளுமுள்ளு என்றால் கேட்கவே வேண்டாம். சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவில் ஒரு பெட்டி கேஸ் விழும். அடுத்து சைதாப்பேட்டை கோர்ட். "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடு, எதுக்கு அலையறே?" என்று வாசலிலேயே யாராவது யோசனை சொல்வார்கள். மீன் விற்ற காசை அம்மா சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுப்பார்.

குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டிய அந்த அபராதம், சட்டத்தின் கணக்கில் ஒரு தண்டனை. இதை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்வதில்லை.

பத்தாண்டுகளுக்கு முன் இது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தபிறகு நிலைமை வேறு. குப்பத்துப் பிள்ளைகளும் நீட் எழுதுகிறார்கள், கலந்தாய்வுப் பட்டியலில் பெயர் வருமா என்று பார்க்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் தகுதி விதிகள் கேட்பது 17 வயது, பிளஸ் டூவில் உரிய பாடங்கள், நீட் தேர்ச்சி. வழக்கு உண்டா இல்லையா என்பது அந்தத் தகுதிகளில் இல்லை. அப்புறம் என்ன தொல்லை என்று கேட்பவர்கள், சேர்க்கைக்கு முன்னும் பின்னும் வரும் காகிதங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் பள்ளி கொடுக்கும் நடத்தைச் சான்றிதழ். ராகிங் தடுப்பு விதிகள் வந்ததிலிருந்து மாணவனின் நடத்தை பற்றிப் பள்ளி என்ன எழுதுகிறது என்பதற்கு எடை கூடியிருக்கிறது. ஸ்டேஷன் வரை போய் வந்த பையனுக்கு அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பது தலைமையாசிரியரின் மனசைப் பொறுத்தது.

இங்கே இடம் கிடைக்காமல் பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா என்று கடன் வாங்கியாவது போகலாம் என்றால், பாஸ்போர்ட் சட்டம் (1967) குறுக்கே நிற்கிறது. அதன் 6(2)(எஃப்) பிரிவின்படி, கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படும். அந்தக் கோர்ட்டே அனுமதி கொடுத்தால்தான் வழி. வேடிக்கை என்னவென்றால், "நான் தப்பே செய்யல" என்று வழக்கை நடத்துகிற பையன்தான் இதில் மாட்டுகிறான். வாய்தாமேல் வாய்தா ஓடும், அவனுடைய படிப்பு வயதும் சேர்ந்து ஓடும். செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டியவனுக்குப் பாஸ்போர்ட்டில் இந்தத் தடை இல்லை. ஆனால் அவன் டாக்டராகி அரசு மருத்துவமனை வேலைக்குப் போகும்போது, தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுத வேண்டும். ஃபைன் கட்டியதோடு முடிந்தது என்று நம்பி 'இல்லை' என்று எழுதினால், உண்மையை மறைத்தான் என்ற பழி புதிதாக வந்து சேரும்.

18 வயது ஆகாதவர்களுக்குச் சட்டம் இவ்வளவு கடுமை காட்டவில்லை. 2016ஆம் ஆண்டின் சிறார் நீதி மாதிரி விதிகள், கொடிய குற்றமாக இருந்தால் தவிர சிறார்மீது எஃப்ஐஆரே போடக்கூடாது, பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும் என்கின்றன. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பையே நீக்குகிறது. ஆனால் விதியில் ஒரு விலக்கு உண்டு: பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னால் எஃப்ஐஆர் போடலாம். குப்பத்தில் தகராறோ மறியலோ எதுவானாலும் அண்ணன், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும்தான் நிற்பார்கள். 'மற்றும் பலர்' என்று எஃப்ஐஆர் முடியும். அந்தப் பலரில் பதினேழு வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று யார் பார்க்கிறார்கள்?

டாக்டர் வேலை மற்ற வேலை மாதிரி இல்லை, நோயாளியின் உடம்பைத் தொடுகிறவரின் பின்னணியைக் கேட்கத்தான் வேண்டும் என்பார்கள். நியாயம். பிரிட்டனில் கல்லூரி விண்ணப்பங்களுக்கான பொது அமைப்பு, எல்லாரிடமும் தண்டனை விவரம் கேட்பதை 2018இல் நிறுத்தியபோது, மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மட்டும் கேள்வியை வைத்துக்கொண்டது. பாலியல் குற்றம், கொடும் வன்முறை, மோசடி ஆகியவற்றைக் கேட்கட்டும். மோசடி என்றதும் நினைவுக்கு வருவது, நீட் ஆள்மாறாட்டத்தில் மாணவர் ஒருவர் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 2019இல் சிபிசிஐடி வரை போன விவகாரம். எந்தக் குப்பத்துப் பையனும் செய்ததல்ல அது. இன்னொரு பக்கம், கர்நாடகத்தின் கலபுரகியில் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் 2016இல் விடுதலையாகி, பாதியில் நின்ற எம்.பி.பி.எஸ். படிப்பை 2019இல் முடித்தார். கொலைத் தண்டனைக்குப் பின்னும் திறந்த கதவு, கடற்கரைத் தள்ளுமுள்ளுக்கு மூடிக்கொள்ளலாமா?

உச்ச நீதிமன்றம் சொல்லாததும் இல்லை. 2011இல் டெல்லி காவல் பணி வழக்கில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, இளவயதுத் தவறுகளை மன்னிக்கலாம் என்றார். 2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்ததை வேலை கொடுப்பவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. 'விடலாம்' என்பதுதான் சிக்கல். விடுவதும் விடாததும் அதிகாரி கையில்.

தமிழக அரசுக்கு இதற்கு வழி தெரியும். 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2021 மே மாதம் இடைக்கால அறிக்கை கொடுத்ததும், போராட்டக்காரர்கள்மீதான பெரும்பாலான வழக்குகளைத் திரும்பப் பெறவும், கைதானவர்களின் மேற்படிப்பும் வேலையும் தடைபடாமலிருக்கத் தடையில்லாச் சான்று தரவும் அரசு முடிவு செய்தது. பதின்மூன்று பேர் செத்தபிறகு ஓர் ஊருக்குக் கிடைத்த சலுகை, மற்ற ஊர்களுக்கு நிரந்தர விதியாக ஏன் இருக்கக்கூடாது?

பெட்டி கேஸ் அபராதமும், விடுதலையான அல்லது வாபஸான வழக்கும் படிப்புக்கும் வேலைக்கும் தடையல்ல என்று உள்துறை ஓர் அரசாணை போடட்டும். வழக்கு நிலுவையில் உள்ள மாணவருக்கு, கோர்ட் அனுமதி கேட்டு மனுப்போட இலவசச் சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞரைப் பள்ளிக்கே அனுப்பட்டும். தூத்துக்குடிக்குப் போட்ட உத்தரவு கோட்டையில் கோப்பாக இருக்கும். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்ய ஒரு பிற்பகல் போதும். அடுத்த மருத்துவக் கலந்தாய்வுக்கு முன் அதைச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
ஊரூர் ஒல்காட் குப்பம், சென்னை – 90