கர்ச்சீஃப்ல குளோரோஃபார்மா? விடுங்க மக்களே

"திட்டக்குடியில குளோரோஃபார்ம் கர்ச்சீஃபோட கும்பல் சுத்துது, ஷேர் பண்ணுங்க"ன்னு ஒரு வாய்ஸ் நோட். இந்த வாரம் எனக்கே நாலு பேர் அனுப்பிட்டாங்க. படிச்சவங்களும் சேர்த்துதான்.

முகத்துல துணியை வெச்ச மூணாவது செகண்ட்ல ஆள் சரியறது சினிமாவுல மட்டும்தான். மீத்தேன்ல இருக்கிற நாலு ஹைட்ரஜன்ல மூணை எடுத்துட்டு குளோரின் வெச்சா குளோரோஃபார்ம். இனிப்பு வாசனை, தண்ணியை விட ஒன்றரை மடங்கு கனம், சீக்கிரம் ஆவியாகும். நினைவு போகணும்னா அந்த ஆவியை நிமிஷக்கணக்குல விடாம இழுக்கணும். அதுவரைக்கும் கத்தாம, உதறாம யார் நிப்பாங்க? மயங்கின பிறகு துணியை எடுத்தா தெளிய ஆரம்பிச்சிடும். எடுக்கலைன்னா மூச்சே நின்னுடலாம்.

1847ல எடின்பரோவுல சிம்ப்சன் இதைப் பிரசவ வலிக்குக் கொடுக்க ஆரம்பிச்சார். அடுத்த ஜனவரியிலேயே, கால் நகம் எடுக்க இதைக் கொடுத்தப்ப ஹன்னா கிரீனர்ங்கிற 15 வயசுப் பொண்ணு இறந்துபோச்சு. நம்ம ஹைதராபாத்ல 1888, 1889ன்னு ரெண்டு கமிஷன் போட்டு, மூச்சை மட்டும் கவனிச்சா போதும், இதயத்துக்கு ஆபத்தில்லைன்னு முடிவு சொன்னாங்க. அது தப்புன்னு பின்னாடி நிரூபணமாச்சு. இதயத் துடிப்பையே தாறுமாறாக்கி நிறுத்திடும், கல்லீரலையும் கெடுக்கும். தேர்ந்த டாக்டர் கையிலயே ஆள் செத்த மருந்து, பஸ் ஸ்டாண்ட் திருடன் கையில மட்டும் அளவா வேலை செய்யுமாம்!

இன்னிக்கு இதை வெச்சு யாரும் ஆபரேஷன் பண்றதில்லை. லேப்ல கரைப்பான், ஏசி வாயு தயாரிக்க மூலப்பொருள், அவ்ளோதான். (வெளிச்சமும் காத்தும் பட்டா பாஸ்ஜீன்ங்கிற விஷவாயு வரும், அதான் பழுப்பு பாட்டில். பிளஸ் டூவுல படிச்சதுதான்.)

ஏன் இவ்ளோ கோபம்னு கேட்கலாம். 2018 மே மாசம், போளூர் பக்கம் அத்திமூர்ல, கோயிலுக்குப் போக வந்த 65 வயசு அம்மா குழந்தைங்களுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு அடிச்சே கொன்னுட்டாங்க. அப்ப ஊரெல்லாம் சுத்தினதும் இதே மாதிரி வாட்ஸ்அப் வதந்திதான்.

கேஷுவல்டியிலயும் இந்தக் கதை படுத்துது. மயங்கிக் கிடந்தவரைத் தூக்கிட்டு வந்து "யாரோ மருந்து அடிச்சிட்டாங்க சார்"னு ஆரம்பிப்பாங்க. பார்த்தா சுகர் குறைஞ்சிருக்கும், இல்ல வலிப்பு வந்திருக்கும், சில நேரம் வயல்ல அடிக்கிற பூச்சிமருந்து. அவர் சுகர் மாத்திரை போடுறவரா, கடைசியா எப்ப சாப்பிட்டார், பக்கத்துல பாட்டில் கிடந்துச்சா? எனக்கு அதைச் சொல்லுங்க.

பயணத்துல மயக்கி நகை திருடறது நடக்காததில்லை. ஆனா அது டீயிலயும் பிஸ்கட்டுலயும் கலக்கிற தூக்க மாத்திரை. முன்பின் தெரியாதவங்க கொடுத்தா வாங்கிச் சாப்பிடாதீங்க. அதை விட்டுட்டு கர்ச்சீஃப் வெச்சிருக்கிறவனைத் துரத்தாதீங்க. நம்ம ஊர் வெயில்ல கர்ச்சீஃப் இல்லாதவன் யாரு?

சந்தேகம்னா 100க்கு அடிங்க, குழந்தை விஷயம்னா 1098. அந்த வாய்ஸ் நோட்டை டெலீட் பண்ணுங்க.