மாலத்தீவா, லட்சத்தீவா? முதலில் விடுப்பு எங்கே?

2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவுக் கடற்கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த படங்கள் வெளியாயின. மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் அவரை இழிவுபடுத்தி எழுதினர். அவ்வளவுதான், தேசபக்திப் புயல் வீசத் தொடங்கியது. திரை நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் மாலத்தீவை மறந்து நம் நாட்டுத் தீவுகளுக்குச் செல்லுமாறு மக்களுக்கு அறிவுரை கூறினர். இளம் தம்பதியர் தங்கள் விடுமுறையை எந்தத் தீவில் கழிக்க வேண்டும் என்பது ஒரு வாரம் முழுவதும் தேசத்தின் தலையாய பிரச்சினையாக இருந்தது. 2019 சுதந்திர தின உரையிலேயே, 2022க்குள் உள்நாட்டின் 15 சுற்றுலாத் தலங்களைப் பாருங்கள் என்று பிரதமர் கேட்டுக்கொண்டவர்தான்.

எந்தத் தீவு என்று கேட்டவர்கள் எவரும், எந்த விடுப்பில் செல்வது என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை கோலார் தங்க வயலில் நின்று கேட்போம். விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ரயில் நிலையங்களில் கூட்டம் நெருக்குகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருக்கு, கட்டட வேலைக்கும் ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் காவலாளி வேலைக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் செல்கின்றன. போகவர நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே கழிகிறது. கணவனுக்கு இரவுப் பணி, மனைவிக்குப் பகல் பணி என்றால் இருவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வேளையே அரிது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மத்திய அரசு மூடியதன் பின்விளைவு இது. தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிப் பாறையை உடைத்து, நுரையீரலில் சிலிக்கா தூசியைச் சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு எஞ்சியவை சயனைடு மண்மேடுகளும் இந்த ரயிலும்தான்.

சுரங்கம் இயங்கிய காலத்தை நாம் பொற்காலமாகப் பாடவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி காலூன்றிய பின், வெள்ளை அதிகாரிகளுக்கு கிளப்பும் கோல்ஃப் மைதானமும் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் எழுந்தன. ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயரும் கிடைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த, பெரும்பாலும் தலித்துகளான தொழிலாளர்களுக்குக் கிடைத்தவை லைன் குடிசைகள். ஓய்வு என்பது அன்றும் வர்க்கத்தின் சொத்தாகவே இருந்தது. 1930இல் கைரேகைப் பதிவுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்து எழுந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். பின்னர் வந்த 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், நிலத்தடியில் வேலை செய்யும் ஒவ்வொரு 15 நாளுக்கும் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை உரிமையாக்கியது. முதலாளியின் கருணை அல்ல அது. சுரங்கம் மூடப்பட்டபோது கூலியோடு சேர்ந்து இந்த உரிமையும் பறிபோனது.

உலகெங்கும் வரலாறு இதுவே. பிரான்சில் 1936 ஜூனில் ஆலைகளைக் கைப்பற்றி அமர்ந்த தொழிலாளர்கள் இரண்டு வார ஊதிய விடுப்பை வென்ற பிறகே, அந்நாட்டின் உழைக்கும் தம்பதியர் பலர் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். இந்தியாவில், வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த மசோதாவின் வழியாக, 1945இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறை ஆலைச் சட்டத்தில் இடம்பெற்றது. அந்த அம்பேத்கரை 1954இல் வரவேற்ற மண் கோலார் தங்க வயல்.

இன்றைய ஆட்சியாளர்கள் எந்தத் திசையில் செல்கிறார்கள்? 2023 பிப்ரவரியில் கர்நாடக பாஜக அரசு ஆலைச் சட்டத்தைத் திருத்தி, வேலைநாளை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழி திறந்தது. வார உச்சவரம்பு 48 மணிதானே என்று அவர்கள் வாதிடலாம். அப்படியானால் காலாண்டுக்கு 75 மணியாக இருந்த மிகைநேர வேலையின் வரம்பை 145 மணியாக உயர்த்தியது எதற்காக? அடுத்து வந்த காங்கிரஸ் அரசு இத்திருத்தத்தைத் திரும்பப் பெறவில்லை. தமிழ்நாட்டில் அதே ஆண்டு இதேபோன்ற சட்டம் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பணிந்து அரசு அதைக் கைவிட நேர்ந்தது. போராட்டம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தங்க வயல் தொழிலாளிக்குக் கணக்கு எளிது: 12 மணி நேர வேலை, நான்கு மணி நேர ரயில். உறங்கவும் சமைக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் எஞ்சுவது எட்டு மணி நேரம்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஊதிய விடுப்புக்கான தகுதியை 240 வேலை நாள்களிலிருந்து 180ஆகக் குறைத்திருப்பதை அரசு சாதனையாகக் காட்டுகிறது. குறைப்பு உண்மைதான். ஆனால் அதே தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்திவிட்டது. ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் புதிய ஆளாகக் கணக்கெழுதப்படுபவர் 180 நாளை எப்போது எட்டுவார்? பெங்களூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு எந்தத் தொகுப்பு விடுப்பு தருகிறது? ஒரு கையால் கொடுப்பதாகக் காட்டி மறு கையால் பறிக்கும் வித்தை இது.

மூலதனத்தின் உள்ளத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்னவர் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர். வாரம் 90 மணி நேர வேலையைப் பரிந்துரைத்த அவர், வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். அவருக்கு முன்பே 70 மணி நேரம் கேட்டவர் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி. தம்பதியர் ஒருவரையொருவர் பார்க்கும் நேரமும் இவர்கள் கண்ணுக்கு வீணாகும் உழைப்புச் சக்தி! அதே நேரத்தைத் தீவுச் சுற்றுலா என்று பொட்டலம் கட்டி, வசதி உள்ளவர்களுக்கு விற்பதும் இதே மூலதனம்தான். பறிக்கும்போது நேரம் உற்பத்திக்குரியது. விற்கும்போது அது காதலுக்குரியது.

உழைக்கும் தம்பதியர் தீவைக் காண ஆசைப்படுவது ஆடம்பரம் என்று நாம் சொல்லவில்லை. கடலும் காற்றும் மணலும் அவர்களுக்கும் உரியவை. அரசு ஊழியருக்கு அந்தமான் வரை விடுப்புப் பயணச் சலுகை இருக்க முடியுமானால், பெங்களூரைக் கட்டி எழுப்பும் தொழிலாளிக்கு ஏன் இருக்கக் கூடாது?

12 மணி நேர வேலைக்கான திருத்தத்தை ரத்து செய்! ஒப்பந்த, வீட்டு வேலைத் தொழிலாளர் அனைவருக்கும் ஊதியத்துடன் கூடிய விடுப்பை உறுதி செய்! விடுப்புப் பயணச் சலுகையை அனைத்துத் தொழிலாளருக்கும் விரிவாக்கு! தங்க வயலிலேயே வேலை தரும் தொழில்களை உருவாக்கு! இந்தக் கோரிக்கைகளோடு மாரிக்குப்பம் ரயிலில் ஏறுவோம். எந்தத் தீவுக்குச் செல்வது என்பதை அந்தத் தம்பதியர் பிறகு தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.