இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்க்க நினைப்பவர்கள் வரவேற்பறையையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அது போதாது. சொல்லாமல் கொள்ளாமல் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிவிடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும்; இரவில் அதைச் செய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, கழிவறைச் சுவரில் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாவட்டந்தோறும் 150 ஆதரவற்ற முதியோராவது தங்கும் இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் வழிசெய்கிறது. தனியார் இல்லங்களையும் அரசு முன்னறிவிப்பின்றிச் சோதித்து, அறிக்கைகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறை கண்டவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைத் தயங்காமல் அழைக்கலாம்.