காட்டின் வரவும் செலவும்

லக்ஷ்மிபாய் நகரில் வாழும் நமக்குக் காடு பெரும்பாலும் காட்சிப் பொருளே. தில்லியின் ரிட்ஜ் காட்டில் உலவி மகிழ்கிறோம். அங்கே விறகு பொறுக்கினால்தான் அடுப்பெரியும் என்னும் நிலை நமக்கில்லை. காட்டோரச் சிற்றூர்களிலோ காடே வாழ்வின் முதல். அவ்வூரார் தம் காட்டைத் தாமே காக்கும்போது அதற்கு வரவும் உண்டு, செலவும் உண்டு.

வரவு கண்ணுக்குத் தெரியும்: விறகு, தீவனம், தேன், புளி, மூங்கில். செலவோ கணக்கேட்டில் ஏறுவதில்லை. காவல் காக்கும் இரவும், தீ அணைக்கும் பகலும், கூட்டத்திற்குச் சென்றதால் இழந்த கூலியும் செலவே. கன்றுகள் தழைக்கும்வரை மேய்ச்சலை நிறுத்தினால், ஆடு வளர்ப்பவர் மந்தையையே விற்க நேரலாம்.

இச்செலவு எல்லார்மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. ஜப்பானின் கடனுதவியுடன் 1997இல் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. ஊர்தோறும் வனக்குழுக்கள் அமைந்தன, தடுப்பணைகள் எழுந்தன. தடுப்பணையால் கிணறு ஊறும். அது நிலமுடையவருக்கு வரவு. மேய்ச்சலையும் விறகையும் விட்டுக்கொடுப்பவரோ பெரும்பாலும் நிலமற்றவர். அவருக்குச் செலவு இன்றே. மரத்தின் பயனோ பல்லாண்டுகளுக்குப் பின்னர். மாற்றுத் தொழிலுக்கு அத்திட்டம் சிறுகடன் அளித்தது நன்றே. எனினும், கடன் திருப்பித் தர வேண்டியது. பங்கு என்பதோ உரிமை.

அவ்வுரிமையின் ஆற்றலை மகாராட்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா என்னும் கோண்டு பழங்குடியினர் ஊரில் காணலாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின்மீது அவ்வூருக்கு 2009இல் உரிமை கிடைத்தது. ஆயினும், மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச்சீட்டை வழங்கும் அதிகாரம் வனத்துறையிடமே இருந்தது. 2011 ஏப்ரலில் அது கிராம சபையின் கைக்கு வந்தது. அதன்பின் மூங்கிலை ஊராரே விற்றனர். வெட்டியவருக்குக் கூலியும் ஊருக்குப் பொதுநிதியும் கிடைத்தன.

உரிமை தந்தால் காட்டை அழித்துவிடுவர் எனச் சிலர் அஞ்சுவர். அடுத்த ஆண்டு மூங்கிலும் தமக்கே என அறிந்தவர் அதை வேரோடு வெட்டார் என்பதே என் கருத்து.

எனவே, காவலுக்குச் செலவிட்ட நாள்களைக் கூலியாகக் கணக்கிட வேண்டும். மிகுதியாக இழந்தவருக்கே வரவில் முதற்பங்கு தர வேண்டும். பயனில் பங்கின்றிக் காவலை மட்டும் சுமத்துவது அறமாகாது.

சொற்பொருள்
முதல் – மூலதனம்
மந்தை – ஆடுமாடுகளின் கூட்டம்

சிந்தித்து எழுதுக
உங்கள் தாத்தா, பாட்டியின் ஊரில் ஏரி, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைக் காத்தவர் யார்? பயன் பெற்றவர் யார்? அவர்களிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.