தேதியில்லாப் பலகைக்கு ஏன் 500 ரூபாய்?

போக்குவரத்து விதிமீறலுக்கான செலான் வந்த 45 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும், அல்லது மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு விதிகள் சொல்வது இது. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பல கல்வராயன்மலைக் கிராமங்களில் செல்போன் சிக்னலே சரிவரக் கிடைப்பதில்லை. அங்கே இருப்பவரின் மௌனத்தை ஒப்புதல் என்று எழுதிக்கொள்ள யாருக்கு உரிமை?

அந்தச் செலான் எப்படி வருகிறது என்பதற்கு, அண்மையில் ஒரு கடைத்தெருவில் கண்டதைச் சொல்கிறேன். காலையிலேயே மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார் ஒரு பெரியவர். பின்னால் மடித்துக் கட்டிய சாக்கு, கைப்பிடியில் தூக்குவாளி. ஒன்பது மணிக்கு மேல் சிலர் இரும்புத் தடுப்பு ஒன்றை இழுத்துவந்து போட்டு, சணல் கயிற்றால் அதில் ஒரு பலகையைக் கட்டினார்கள். ‘துப்புரவுப் பணி, வாகனம் நிறுத்தாதீர்’ என்றிருந்தது. எந்தத் தேதி, எத்தனை மணி வரை, வைத்தது எந்த அலுவலகம் என்று ஒரு வரி இல்லை. சற்று நேரத்தில் மொபெட்டின் எண்ணைப் படம்பிடித்தார்கள். “சார், நான் நிறுத்தறப்ப இந்த போர்டே இல்லைங்க” என்றார் திரும்பிவந்த பெரியவர். “போன்ல மெசேஜ் வரும், கட்டிடுங்க” என்று பதில் வந்தது.

அந்த மெசேஜின் விலை என்ன? 2022 அக்டோபரில் தமிழக அரசு உயர்த்திய கட்டணப்படி முதல் முறை 500 ரூபாய். மீண்டும் சிக்கினால் 1,500 ரூபாய். நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். அதாவது, முதல் பலகைக்கு ஒன்றரை நாள் உழைப்பு, இரண்டாவது பலகைக்கு ஏறத்தாழ நாலரை நாள் உழைப்பு போய்விடும்.

சிகாகோ நகரத்தைப் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அங்கே தெருக்களை இயந்திரம் கொண்டு கூட்டுகிறார்கள். முந்தைய நாளே மரங்களிலும் கம்பங்களிலும் தேதி குறித்த ஆரஞ்சு நிறத் தாள்களைக் கட்டிவிடுகிறார்கள். அதையும் மீறி நிறுத்தினால் 60 டாலர். 2025 ஜூலை முதல் அந்நகரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.60 டாலர், ஆகவே அபராதம் நான்கு மணி நேர உழைப்புக்கும் குறைவு. எட்டு மணி நேர வேலைநாள் என்று வைத்து அதே அளவுகோலால் அளந்தால், நம் ஊரில் 150 ரூபாயைச் சுற்றித்தான் வரும். பலகை இல்லை, அல்லது மறைந்திருந்தது என்பதை எதிர்வாதமாக எடுத்துவைக்க அந்நகரச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. பணக்கார ஊர் அரை நாள் கூலி கேட்கிறது. மலையும் கரும்புக்காடுமான நம் மாவட்டத்தில் ஒன்றரை நாள் கூலி கேட்கிறார்கள்.

நம் சட்டமும் இதை இவ்வளவு மலிவாக விடவில்லை. வாகனம் நிறுத்தும் இடங்களை உள்ளாட்சி அமைப்பைக் கலந்து தீர்மானிக்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு. ஒரு மாதத்துக்கு மேற்படாத போக்குவரத்துத் தடைகளுக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டாம் என்று சலுகை தரும் 115ஆவது பிரிவு, இயன்ற அளவு உள்ளூரில் அறிவித்தாக வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஒன்பது மணிக்குக் கட்டிய பலகை எட்டு மணிக்கு வந்தவருக்கு எப்படி அறிவிப்பாகும்? நாம் அபராதம் என்று கட்டுவதும் 200ஆவது பிரிவின்படி சமரசக் கட்டணம்தான். மறுத்து நீதிமன்றம் போகலாம். ஆனால், மலையிலிருந்து இறங்கிவர இன்னொரு நாள் கூலி போகும் என்பதால் பலரும் வாயை மூடிக்கொண்டு கட்டிவிடுகிறார்கள்.

“வண்டியைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுச் சட்டம் பேசுகிறார்கள்” என்பார்கள் சிலர். நிறுத்த ஓர் இடம் காட்டாமல் இந்த உபதேசம் எதற்கு? 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் முதல் மருத்துவமனை வரை எல்லாவற்றுக்கும் சங்கராபுரமும் சின்னசேலமும் கல்வராயன்மலையும் இந்த ஒரு நகரத்துக்குத்தான் வருகின்றன. தலைநகர் என்ற பெயர் வந்ததுபோல் துருகம் சாலையும் சேலம் சாலையும் அகலமாகிவிடவில்லை. “அப்படியானால் சுத்தம் வேண்டாமா?” என்பது அடுத்த கேள்வி. சுத்தத்தின் பெயரால் வசூல் வேண்டாம் என்பதே பதில்.

செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவில்லை. தினமும் காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வருகிறது. “நாளை இந்தத் தெருவில் துப்புரவு செய்கிறோம், பத்து மணிவரை வண்டி நிறுத்தாதீர்கள்” என்று அதே ஒலிபெருக்கியில் முந்தைய நாள் சொல்லலாம். பலகையில் தேதி, நேரம், வைத்த அலுவலரின் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். இவை இல்லாத தற்காலிகப் பலகையைக் காட்டிப் போட்ட செலான் ஒவ்வொன்றையும் அரசு ரத்துசெய்து, வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அறிவிக்காமல் விதிக்கும் அபராதம் வழிப்பறிதான்.

அதுவரை, வாசகர்களே, வண்டியை நிறுத்தும்போது அந்த இடத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பலகை எப்போது வந்தது என்பதற்கு இன்று உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.