வேகத்தின் கடிவாளம் யார் கையில்?

மே மாத மாலை. ஹைதராபாத்தின் கிழக்கே உள்ள உப்பல். பகலில் 40 டிகிரியைத் தொட்ட வெயிலின் சூடு மொட்டைமாடி அறையை விட்டு இன்னும் இறங்கவில்லை. வேலை தேடி வந்த தமிழ் இளைஞர் லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் போய்விட்டது. பாட்டரியில் மிச்சம் 20 சதவீதம். இன்னும் அரை மணியில் வீடியோ மூலம் இன்டர்வியூ. லேப்டாப்பின் ஃபேன் இப்போதே அலறுகிறது. காரணம், பின்னணியில் தானாக ஓடும் ஒரு அப்டேட். கூடவே, உப்பல் ஸ்டேடியத்தில் நடக்கும் ஐபிஎல் ஆட்டத்தைக் காட்டியபடி மூடப்படாமல் கிடக்கும் ஒரு ஜன்னல்.

உப்பலில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் சகஜமான காட்சிதான் இது. எந்த வேலை அவசரம், எது காத்திருக்கலாம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். யார் சொல்வது என்பதுதான் கேள்வி.

ஒரு காலத்தில் பதில் சுலபம். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் பல கம்ப்யூட்டர்களின் முகப்பில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் இருந்தது. பெயர்தான் வேகம், உண்மையில் பயன்பட்டது வேகத்தைக் குறைக்க. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள் புதிய பிராஸசர்களில் தலைதெறிக்க ஓடின. பொத்தானைத் தட்டியதும் நிதானத்துக்கு வந்தன.

பிறகு பொத்தான் மறைந்தது. 2000இல் இன்டெல்லின் ‘ஸ்பீட்ஸ்டெப்’ வந்தபோது லேப்டாப் பாட்டரியில் ஓடும்போது பிராஸசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இதில் ஆதாயம் கணிசமானது. கணக்குப் போடுவதில் சிப் செலவழிக்கும் மின்சாரம், வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கி, மின்னழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அந்தச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். வேலை முடிய இரு மடங்கு நேரம் பிடித்தாலும் மொத்தத்தில் லாபம்தான். சூடும் குறைவு.

ஆனால், கடிவாளம் கை மாறியபோது தகராறும் வந்தது. 2021இல் ஒன்பிளஸ் 9 வரிசை ஃபோன்கள், குரோம் போன்ற பிரபல புரோகிராம்களுக்கு மட்டும் வேகத்தைக் குறைப்பது வெளியானது. சூட்டையும் பாட்டரி செலவையும் குறைக்கத்தான் என்று கம்பெனி விளக்கியது. வேகத்தை அளக்கும் புரோகிராம்களுக்கோ அந்தத் தடை இல்லை! ‘கீக்பெஞ்ச்’ அந்த ஃபோன்களைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. 2022இல் சாம்சங் கேலக்ஸி ஃபோன்களுக்கும் அதே கதி. வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு, தடையை விலக்கிக்கொள்ளும் வசதியை சாம்சங் அளித்தது. வேகத்தைக் குறைத்ததல்ல குற்றம், சொல்லாமல் குறைத்ததுதான்.

டர்போ பொத்தானின் வாரிசு இன்று விண்டோஸ் 11இல் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். எந்தப் புரோகிராம் பிராஸசரை விழுங்குகிறது என்று அதில் தெரியும். அதன் மீது மவுஸின் வலது பொத்தானைத் தட்டி ‘எஃபிஷியன்சி மோட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் புரோகிராம் மட்டும் வரிசையில் பின்னால் போகும்; குறைந்த மின்சாரத்தில் ஓடும். விண்டோஸின் அடிப்படை வேலைகளை மட்டும் இப்படித் தொட முடியாது. புரோகிராமை மூடித் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

உப்பல் இளைஞருக்கு இதற்கு ஒரு நிமிடம் போதும். மூட முடிந்ததை மூடலாம், மூட முடியாததை மெதுவாக்கலாம். மிச்சமிருக்கும் 20 சதவீதமும் இன்டர்வியூவுக்கே. மாட்ச்? ஸ்டேடியம் பக்கத்தில்தானே, விக்கெட் விழுந்தால் சத்தம் கேட்காமலா போகும்!