பானெட்டைத் திறந்து பார்த்ததுண்டா?

வீட்டில் கார் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் காரின் பானெட்டைக் கடைசியாக என்றைக்குத் திறந்தீர்கள்?

வெளிப்புறத்தைத் தினந்தோறும் துடைக்கிறீர்கள். வெள்ளிக்கிழமையானால் சந்தனமும் குங்குமமும் இடுகிறீர்கள். ஆயுத பூஜையன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறீர்கள். எல்லாம் பேஷ்! ஆனால் பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், "அது மெக்கானிக்கின் சமாசாரம், நமக்கு எதற்கு ஸார்?" என்கிறீர்கள். மெக்கானிக் ஆறு மாதத்துக்கொருமுறை பார்க்கிறார். எலி தினம் ராத்திரி பார்க்கிறது!

ஆமாம், எலிதான். கதகதப்பான எஞ்சினைப் போல் அதற்குச் சௌகரியமான ஜாகை வேறு கிடையாது. பஞ்சு, கந்தல், காய்ந்த சருகு எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்துக் குடித்தனம் போட்டுவிடும். பொழுது போகாத வேளையில் ஒயரின் மேலுறையைக் கடித்துத் தின்னும். உறை போன ஒயரும், உலர்ந்த சருகும், கொதிக்கும் புகைக் குழாயும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா? எஞ்சினைச் சுத்தம் செய்யச் சொல்வது அது பளபளக்க வேண்டும் என்பதற்காக அல்ல. உள்ளே நடப்பது உங்கள் கண்ணில் பட வேண்டும், அதற்காகத்தான்.

"அதற்கென்ன, வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் போயிற்று" என்று கிளம்பிவிடாதீர்கள். அம்பாஸடர் காலத்தில் டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் தண்ணீர் புகுந்தால் வண்டி கிளம்பாது. மூடியைக் கழற்றித் துணியால் துடைத்துக் காயவைத்தால் கிளம்பிவிடும். அந்த வண்டியின் உற்பத்தியே 2014-ல் நின்றுபோயிற்று. இப்போதைய காரில் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. எஞ்சினின் நாடி பிடித்துப் பார்க்கும் சென்ஸார்கள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே எத்தனையோ ஒயர் இணைப்புகள். மழைத் தண்ணீரையும் சாலைச் சேற்றையும் அவை தாங்கும். பீரங்கி போல் பாய்கிற தண்ணீரைத் தாங்கா. உள்ளே புகுந்த ஈரம் அன்றைக்கே தொந்தரவு கொடுத்தாலும் பரவாயில்லை. மெள்ள மெள்ளக் களிம்பேறி, இரண்டு மாதம் கழித்து நடுரோட்டில் நிறுத்தி வைக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் அந்த வேகத்தில் மடங்கிப் போகும்.

பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ துணியில் நனைத்துத் துடைக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே தேங்கி நின்று, ஒரு சின்னப் பொறிக்காகக் காத்திருக்கும். மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் குழாய்களில் பல ஊதிப்போய் வலுவிழக்கும்.

பின் எப்படித்தான் செய்வது என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, நிழலில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். எஞ்சின் இரவெல்லாம் ஆறிக் கிடக்கும். சூடான எஞ்சினில் கை பட்டால் வெந்துபோகும். ஜில்லென்று தண்ணீர் பட்டால் சில பாகங்கள் விரிசல் காணலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் பாயும். இன்னொன்று: பல கார்களில் ரேடியேட்டர் விசிறி, சாவியை எடுத்த பிறகும் சூட்டுக்குத் தக்கபடி தானாகவே சுழலும். ஆகையால் மேல்துண்டு, புடவைத் தலைப்பு, துப்பட்டா எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். "பாட்டரி பன்னிரண்டு வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே" என்று சிலர் சொல்வார்கள். ஷாக் அடிக்காதுதான். ஆனால் மோதிரம் இரண்டு முனைக்கும் பாலமாகிவிட்டால், பழுக்கக் காய்ச்சிய இரும்பை விரலில் மாட்டிக்கொண்டது போல ஆகும்.

பாட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? அதைச் சுரண்டாதீர்கள். நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள், பிறகு பாஸிடிவ். ஏன் இந்தக் கிரமம் என்றால், காரின் உடம்பு முழுவதும் நெகடிவோடு சேர்ந்தது. பாஸிடிவை முதலில் கழற்றப் போய், ஸ்பானரின் மறுமுனை எங்காவது இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அந்தப் பொறி லேசான விஷயமல்ல. அருகில் சிகரெட்டும் கூடாது. பாட்டரியைக் கழற்றினால் சில கார்களில் ரேடியோவுக்கு மறுபடியும் ரகசிய எண் கொடுக்க வேண்டியிருக்கும். காரோடு வந்த புத்தகத்தை முன்பே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறையிலிருந்து ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா வாங்கி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் முனைகளில் தடவுங்கள். புஸ்ஸென்று நுரைக்கும். அமிலமும் சோடாவும் சண்டை போடுகின்றன, பயப்பட வேண்டாம். பாட்டரி மூடிகளின் வழியாக உள்ளே மட்டும் போகக்கூடாது. நுரை அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பாஸிடிவை முதலிலும் நெகடிவைக் கடைசியிலும் மாட்டுங்கள். மேலே துளி வாஸலின் தடவிவிட்டால் பூப்பது குறையும். ஆனால் மற்ற வேலைகள் முடிகிற வரை நெகடிவ் முனை கழன்றபடியே இருக்கட்டும்.

மற்றபடி வேலை வீட்டில் அலமாரி துடைப்பது போலத்தான். முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் கிளம்பும் இடத்தில் அடைந்திருக்கும் சருகுகளைக் கையால் அள்ளுங்கள். மழைத் தண்ணீர் வடியும் துவாரம் அங்கேதான் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழை உங்கள் காலடிக்கே வந்துவிடும். எலிப் புழுக்கை கிடந்தால் உலர்ந்தபடி பெருக்க வேண்டாம். கையுறையும் முகமூடியும் அணிந்து, கிருமிநாசினி கலந்த நீரால் நனைத்துத் துணியால் ஒற்றி எடுங்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. கடித்த ஒயர் தென்பட்டால் அதற்கு நீங்களே டேப் சுற்றாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளி விட்ட தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். கிரீஸ் பிடிவாதம் பிடித்தால், தண்ணீரில் கரையும் டிகிரீஸரைத் துணியில் தெளித்துக்கொள்ளுங்கள், எஞ்சின் மேல் அல்ல. தெளித்தே தீர வேண்டுமென்றால் செடிக்குத் தெளிக்கும் கைத் தெளிப்பான் போதும். அதற்கு முன் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, இக்னிஷன் காயில், காற்று புகும் வாய் எல்லாவற்றுக்கும் பாலிதீன் பை கட்டுங்கள். எத்தனை பை கட்டினீர்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அவிழ்க்கும்போது கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

ஆரஞ்சு நிற ஒயர் ஏதாவது தெரிகிறதா? அப்படியானால் உங்களுடையது ஹைப்ரிட் அல்லது மின்சாரக் கார். அந்த ஒயரில் ஓடுவது வீட்டு மின்சாரத்தையும் மிஞ்சக்கூடியது. அந்தப் பக்கமே துணி போகவேண்டாம்.

கழிவு நீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தத் தொட்டி பெரும்பாலும் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எண்ணெய்த் தண்ணீரை அதில் விட்டால், நாளைக்கு உங்கள் கிணற்றில்தான் மிதக்கும். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கூலன்ட் சிந்தியிருந்தால் உடனே துடையுங்கள். அது தித்திப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாய்க்கும் பூனைக்கும், ஏன், குழந்தைக்கும் அது தெரியாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இந்த வைத்தியம் எதுவும் உதவாது. 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனை! தண்ணீர் வடிந்ததும் "கிளம்புகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பினால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்கிக் கொடுக்காமல் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். கிளப்பாமல் இழுத்துக்கொண்டு போவதுதான் வழி.

துடைத்து முடித்த பின் எண்ணெய் மினுக்குப் பூசாதீர்கள். தூசிதான் ஒட்டும், பெல்ட்டில் பட்டால் வழுக்கிக் கிறீச்சிடும். பழைய கார் வாங்கப் போகும் இடத்தில் எஞ்சின் புதுமாப்பிள்ளை போல் மினுங்கினாலும் எனக்குச் சந்தேகம்தான். கசிவின் சுவட்டை முதல் நாள்தானே கழுவியிருப்பார்கள்?

பானெட்டை ஒரு மணி நேரம் திறந்து காயவிட்டு, கிளப்புமுன் அதை இரண்டு தட்டுத் தட்டுங்கள். உள்ளே பூனை தூங்கிக்கொண்டிருக்கலாம். அன்றிரவு வண்டிக்கு அடியில் பழைய தினசரி ஒன்றை விரித்து வையுங்கள். இந்தப் பத்திரிகையை விரிக்காதீர்கள், தொடர்கதைக்காக வீட்டில் சண்டை வந்துவிடும்! காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏ.ஸி.யின் வேலை, கவலையில்லை. கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் எஞ்சின் எண்ணெய். அளவு குச்சியை இழுத்துப் பாருங்கள். பச்சை, இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். சக்கரத்தின் உட்புறத்துக்கு நேர் கீழே, மஞ்சளாகவும் வழுவழுப்பாகவும் ஒரு சொட்டு இருந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கக்கூடும். அன்றைக்கு வண்டியை எடுக்காமல் ஆபீஸுக்குப் பஸ்ஸில் போங்கள். மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும்.